கதவும் தாழ்வாரமும்

காவிரிப் படுகையில் போதைப்பொருள் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் ஒன்றில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது, வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கமிருந்து இலங்கைக்குக் கடத்தவிருந்த கஞ்சா பற்றிய வழக்குகளைப் பலமுறை கையாண்டிருக்கிறேன். வாங்குபவரைப் போலக் கும்பலுக்குள் புகுந்த மஃப்டி காவலர் சாட்சிக் கூண்டேற வேண்டிய நாளில், பொதுமக்களை வெளியேற்றக் கோரி அரசுத் தரப்பு மனுக் கொடுக்கும். டவாலி கதவைச் சாத்துவார்.

விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடைபெற வேண்டும் என்பதே பொதுவிதி. ஆயினும் பொதுமக்களையோ குறிப்பிட்ட ஒருவரையோ விலக்கிவைக்கும் அதிகாரத்தைப் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 366ஆம் பிரிவும் நீதிபதிக்கு அளிக்கின்றன. நான் பார்த்த மனுக்களோ எல்லோரையும் வெளியேற்றவே கேட்டன. 'குறிப்பிட்ட ஒருவர்' என்ற பகுதியை எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

கதவு யாரிடமிருந்து சாட்சியை மறைக்கிறது? எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், உள்ளேதான் நிற்கிறார், முகத்தைப் பார்க்கிறார். அவருடைய வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்கிறார். வெளியேற்றப்பட்ட உறவினரும் கூட்டாளிகளும் தாழ்வாரத்தில் காத்திருக்க, சாட்சி அதே தாழ்வாரம் வழியாகத்தான் டீக்கடையையும் பேருந்து நிறுத்தத்தையும் கடந்து போக வேண்டும். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற இரண்டே கேள்விகளில் ஒருவரை அடையாளம் கண்டுவிடும் வட்டாரம் இது. உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம், மூடிய விசாரணையோடு திரை, காணொலி இணைப்பு, சாட்சிக்கும் எதிரிக்கும் தனித்தனி வழிகள், குரலையும் முகத்தையும் மாற்றிக் காட்டும் ஏற்பாடு ஆகியவற்றையும் சொல்கிறது. எங்கள் பழைய கட்டடத்தில் தனி வழிக்கு இடமேது!

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்த வாலர் வழக்கில், ஒட்டுக்கேட்ட ஒலிநாடாக்களை ஒலிக்கச் செய்ய இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவற்றைச் சாட்சியமாக ஏற்கலாமா என்ற முன்விசாரணையோ ஏழு நாளும் மூடிய அறையில் நடந்திருந்தது. தேவைக்கு மேல் மூடக்கூடாது, மாற்று வழிகளை ஆராய வேண்டும், காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது அத்தீர்ப்பு. நம் மனுக்களிலும் எந்தச் சாட்சி, எவ்வளவு நேரம், எவரால் ஆபத்து என்ற விவரம் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும் என்று அலுவலகத்தில் சொல்லி வந்தேன்.

ஒருமுறை ஒரு நீதிபதி, காரணத்தை எழுதி, எதிரியின் கூட்டாளிகள் இருவரை மட்டும் விலக்கினார். பெயரை வெளியிடக் கூடாதென்ற நிபந்தனையுடன் உள்ளூர் நிருபர்கள் கடைசிவரை அமர்ந்திருக்க, சாட்சியைப் பதிவறை வழியாகப் பின்பக்கம் நின்ற ஜீப்பில் ஏற்றி அனுப்பினோம்.