டெஸ் பிளெய்ன்ஸ், மே 25

மே 22, 2024
பழைய புத்தகப் பெட்டியைப் பிரித்து விலை எழுதிக்கொண்டிருந்தேன். ஜூடித் வாக்ஸ் எழுதிய 'ஸ்டார்ட்டிங் இன் த மிடில்' கையில் வந்தது. 1979 பதிப்பு, முதுகு அட்டை வெளுத்துப்போயிருந்தது. கடைப் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு விலை போட வேண்டாம்" என்றார். சரி என்று எடுத்து வைத்துவிட்டேன்.

மதியம்தான் வாய் திறந்தார். புத்தகம் வெளிவந்த அதே வருடம் ஜூடித்தும் கணவர் ஷெல்டனும் விமான விபத்தில் இறந்துபோனார்கள். ஷெல்டன் 'பிளேபாய்' இதழின் நிர்வாக ஆசிரியர். லாஸ் ஏஞ்சலிஸில் புத்தக விற்பனையாளர்களின் வருடாந்திர மாநாடு; அதற்குத்தான் சிகாகோவிலிருந்து கிளம்பினார்கள். பெரியவர் அதே மாநாட்டுக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்திருந்தார். அப்போது கடை தொடங்கி ஒரு வருடம்தான்.

மே 24
ராத்திரி முழுக்க அந்த விபத்தைப் பற்றியே படித்தேன். 1979 மே 25, வெள்ளிக்கிழமை, ஓ'ஹேர் விமான நிலையம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 191. டிசி-10 ரக விமானம் மேலெழும்பும்போதே இடது எஞ்சின், அதை இறக்கையோடு பிணைக்கும் தாங்கியோடு பிய்ந்து விழுந்தது. வானில் இருந்தது 31 விநாடி. உள்ளே 271 பேர், தரையில் 2 பேர் இறந்துபோனார்கள்.

விபத்துக்கு எட்டு வாரம் முன்பு, டல்சா நகரத்து விமானப் பணிமனையில் எஞ்சினையும் தாங்கியையும் தனித்தனியாகக் கழற்றாமல், சேர்த்தே ஃபோர்க்லிஃப்ட் வைத்து இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியுமே! அப்போது விழுந்த விரிசல்தான் இத்தனைக்கும் காரணம். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது.

மே 25
பெரியவரோடு டெஸ் பிளெய்ன்ஸில் இருக்கும் லேக் பார்க் பூங்காவுக்குப் போனேன். விபத்தில் இறந்தவர்களுக்கான நினைவிடம் அங்கேதான். முழங்கால் உயரத்தில் வளைந்த சுவர், அதன் கற்களில் பெயர்கள். 2011 வரை இதுகூட இல்லை. சிகாகோவின் டெகேட்டர் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முயற்சி எடுத்த பிறகே வந்திருக்கிறது. 32 வருடம்! அந்தப் பிள்ளைகளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பெரியவர் கஷ்டப்பட்டுக் குனிந்து வாக்ஸ் என்ற பெயரைத் தேடினார். எழுத்துகளின் பள்ளத்தில் மண் அடைத்திருந்தது. கைக்குட்டை நுனியைத் திருகி ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார். மாநாட்டில் அன்று யாரைப் பார்த்தாலும், "நீங்க எந்த விமானத்துல வந்தீங்க?" என்றுதான் கேட்டார்களாம்.

மே 28
புத்தகம் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில், முகப்பு தெரிய நிற்கிறது. ஒரு பெண் விலை கேட்டார். "விற்பதற்கில்லை, உட்கார்ந்து படிங்க" என்று பெரியவரே நாற்காலி போட்டார். கடை மூடும் நேரம்வரை படித்தவர், பேருந்துச் சீட்டைப் பக்கங்களுக்கு நடுவே வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.