அல்சூர் ஏரியின் ஒரு சொட்டு

ஜூலை 6, ஞாயிறு

காலையில் மகளும் நானும் பெங்களூரின் அல்சூர் ஏரிக்குப் போய், பாசி படிந்த கல்லோரமாக ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் மொண்டு வந்தோம். நுண்ணோக்கியில் 400 மடங்கில் பச்சையாக ஒன்று நெளிந்து வந்தது. யூக்ளினா என்ற ஒற்றைச் செல் உயிர்! முன்முனையில் சிவப்புப் பொட்டு. வெளிச்சத்தை நன்றாகக் குறைத்த பிறகுதான் இழை தெரிந்தது, அதுவும் கணநேரம். “அப்பா, வால் முன்பக்கம் இருக்கிறதே!” என்றாள். ஆமாம், அது உடலைத் தள்ளுவதில்லை, இழுத்துச் செல்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

அவளுடைய நோட்டில் தமிழ்ப் பெயர்களை எழுதிக் கொடுக்கிறேன். பள்ளியில் அவளுக்குத் தமிழ் கிடையாது. நீந்த உதவும் இழைக்குக் ‘கசையிழை’ என்று எழுதியதும் கை நின்றது. கசை என்றால் சாட்டை. யூக்ளினாவுக்கு அது சரி. உள்ளே வட்டமாக ஒன்பது ஜோடி நுண்குழல்கள், நடுவில் இரண்டு. டைனீன் என்ற புரதம் அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்க, இழை வளைந்து வீசுகிறது. நம் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் குறு இழைகளிலும் இதே அமைப்புதான்.

பாக்டீரியாவின் இழையோ வீசுவதில்லை, சுழல்கிறது. 1974-இல் சில்வர்மன், சைமன் என்ற ஆய்வாளர்கள் ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் இழையைக் கண்ணாடியோடு பிணைத்தார்கள். இழை அசைய முடியாமல் போக, உடல் பம்பரமாகச் சுற்றியது. அடியில் இருக்கும் மோட்டாரை ஓட்டுவது சவ்வின் வழியே உள்ளே பாயும் புரோட்டான்கள்.

ஜூலை 9, புதன்

வேலை அதிகம். பாட்டிலின் மூடியை மட்டும் தளர்த்தி வைத்தேன்.

ஜூலை 12, சனி

பாக்டீரியாவின் அளவுக்குத் தண்ணீர் வெல்லப்பாகு மாதிரி. நீந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலம்கூட நகராமல் நின்றுவிடும். துடுப்பை முன்னும் பின்னும் ஒரே மாதிரி அசைத்தால் போன தூரமெல்லாம் திரும்பிவிடும். அதனால்தான் திருகு போன்ற சுழற்சி, அல்லது அலையாக வளையும் வீச்சு.

ஏரிச் சேற்றில் மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியாக்களிலும் (பாக்டீரியா போலத் தோன்றினாலும் வேறு வகையான ஒற்றைச் செல் உயிர்கள்) நீந்துபவை உண்டு. அவற்றின் இழையும் சுழல்கிறது, ஆனால் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு தரும் ஆற்றலால். பாக்டீரியாவின் இழை நுனியில் வளரும். ஆர்க்கியாவின் இழை நம் முடியைப் போல அடியில் வளரும். பாக்டீரியாக்கள் பற்றிக்கொள்ளவும் ஊரவும் பயன்படுத்தும் பிலை இழைகளுக்குத்தான் இது உறவு. பாக்டீரியாவின் மோட்டார் அடித்தளத்துக்கு உறவு, நோய்க்கிருமிகள் நம் செல்லுக்குள் புரதத்தைச் செலுத்தும் ஊசி அமைப்பு.

ஆக, நீந்தும் வால் மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனமில்லை. யூக்ளினாவின் கீழே ‘கசையிழை’யை விட்டுவைத்து, பாக்டீரியாவின் கீழே ‘சுழலிழை’ என்று எழுதினேன். “இதுவும் சுழல்கிறதே, இதற்கு?” என்று மூன்றாவது படத்தில் விரலை வைத்தாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.