பென்னைன் மலையின் ஈயத் தொழிலாளர்கள்

வட இங்கிலாந்தின் பென்னைன் மலைப்பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பல ஊர்களுக்குச் சோறு போட்டது ஈயம்தான். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் நடத்திய லண்டன் ஈயக் கம்பெனி, நென்ட்ஹெட் என்ற ஊரில் தொழிலாளர்களுக்கு வீடுகளும் பள்ளிக்கூடமும் நூலகமும் அமைத்துக் கொடுத்ததைப் பாராட்டி நிறைய எழுதியிருக்கிறார்கள், அது பாராட்டத்தக்கதே.

ஆனால், வீடு தொலைவிலிருந்த சுரங்கத் தொழிலாளர்கள் வார நாட்களில் தங்கிய விடுதிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரே கட்டிலில் பலர் நெருக்கியடித்துப் படுத்து, நனைந்த உடைகளை அதே அறையில் உலர்த்தி, பாறைத் தூசி அரித்த நுரையீரலோடு இருமி இருமி அவர்கள் இரவைக் கழித்தார்கள். சிறுவர்களோ திறந்தவெளியில், சில்லிட்ட தண்ணீரில் தாதுவைக் கழுவிப் பிரித்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டை 1864இல், சுரங்கங்களின் நிலையை ஆராய அரசு அமைத்த கின்னெய்ர்டு ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்தது.

பிறகு ஸ்பெயினிலிருந்து மலிவான ஈயம் வந்து குவிய, விலை சரிந்தது. 1882இல் கம்பெனி நென்ட்ஹெட்டைக் கைவிட்டது. பிழைப்பிழந்த குடும்பங்கள் பல, டர்ஹம் நிலக்கரிச் சுரங்கங்களை நாடிப் போயின.