விசிறி அரைச் சுற்று சுற்றி நின்ற கணினி

சிவகாசியில் அழைப்பிதழ் வடிவமைக்கிறவர்களுக்கு ஆவணி மாதத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த மாதத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. நாளிதழில் முன்கூட்டியே அறிவிப்பு வந்திருந்ததால் முந்தைய இரவே கணினியை முறையாக அணைத்து வைத்திருந்தேன். மாலையில் மின்சாரம் வந்தது. டியூப்லைட் எரிந்தது, பிரிண்டர் முனகியது, கணினி மட்டும் எழவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும்.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாகப் பத்து வருட வேலை அதில் கிடக்கிறது. அதற்காகவே விண்டோஸ் 7 போட்ட அந்தப் பழைய இயந்திரத்தைக் கட்டிக் காத்து வருகிறேன்.

வழக்கமாகப் பழுது பார்க்கும் கடைக்குத் தொலைபேசியில் சொன்னதும் பதில் தயாராக இருந்தது: "கரண்ட் வரும்போது வோல்டேஜ் ஏறியிருக்கும் அக்கா, மதர்போர்டு போயிருக்கும்." பார்க்காமலே சொன்ன தீர்ப்பு. மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஏறினால் பல்பு, சார்ஜர், மோடம் எல்லாம் சேர்ந்து போகும். எங்கள் தெருவில் ஒரு எல்.இ.டி. பல்புகூடப் போகவில்லை. எனவே அந்தத் தீர்ப்பை ஒத்திவைத்தேன்.

முதல் வேலையாக ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினேன். அதன் சாட்டா இணைப்பை யு.எஸ்.பி.யாக மாற்றும் கேபிள் ஒன்றில் மாட்டி, மடிக்கணினியில் எல்லாக் கோப்புகளையும் நகல் எடுத்தேன். நாளை காலை புரூஃப் கேட்டு வரும் பெண் வீட்டாருக்கு நம் கணினியின் உடல்நிலை பற்றிக் கவலை இல்லை. நகல் முடிந்த பிறகு கை நடுக்கமில்லாமல் மற்றதைப் பார்க்க முடிந்தது.

சுவரிலிருந்து உள்ளே வந்தேன். யு.பி.எஸ்.ஸின் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு நேரே சுவர் பிளக்கில் மாட்டினேன். மானிட்டரின் பவர் கார்டும் இதற்குப் பொருந்தும், மாற்றிப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்சாரம் வடிந்தபின் மறுபடி மாட்டினேன். அதே அரைச் சுற்று. டிவிடி டிரைவ், ஒரு ரேம், யு.எஸ்.பி. சாதனங்கள் எல்லாவற்றையும் கழற்றினேன். பொத்தானே பழுதோ என்று, போர்டில் பவர் சுவிட்ச் வயர் செருகும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே அரைச் சுற்று.

துப்பு கிடைத்தது தற்செயலாக. பிளக்கில் மாட்டியபடியே விட்டுவிட்டுத் தேநீர் குடித்து வந்தேன். முதலில் மினுக்கிக்கொண்டிருந்த போர்டின் பச்சை விளக்கு இப்போது நிலையாக எரிந்தது. அழுத்தினேன், விசிறி சில வினாடிகள் ஓடிவிட்டு நின்றது. சூடானால் கொஞ்சம் தேறுகிறது என்றால், போர்டைவிட, அதற்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மீதுதான் சந்தேகம் வரவேண்டும்.

பக்கத்துக் கடை எலெக்ட்ரீஷியன் தம்பியிடம் மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரில் ஊதா நிற வயர் ஒன்று உண்டு. கணினி அணைந்திருந்தாலும், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை அதில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தும் சேதியை உணர்ந்து போர்டு விழிப்பதே அதன் தயவில்தான். 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்கவேண்டும். எனக்கு 4.1 காட்டியது, அதுவும் நிற்காமல் தள்ளாடியது. பொத்தானை அழுத்தியதும் இன்னும் இறங்கியது.

பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்க்கும் சோதனையையும் செய்தேன். போர்டிலிருந்து கழற்றிய நிலையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் விசிறி ஜோராகச் சுற்றியது. பலர் இங்கேயே நிறுத்தி, எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது, போர்டுதான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுமையே இல்லாமல் விசிறி சுற்றுவதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அந்த 5 வோல்ட்டைத் தரும் பகுதி வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் சூட்டிலேயே இருக்கிறது. அதிலுள்ள மின்தேக்கி (கெப்பாசிட்டர்) கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்துபோகும். சூடாக இருக்கும்வரை எப்படியோ சமாளிக்கும். நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் குளிர்ந்துவிட்டால் மறுபடி கிளம்பத் திராணி இருக்காது. முந்தைய மாதங்களின் மின்தடையைத் தாண்டி வந்தது. இந்த முறை முடியவில்லை. பழியை மட்டும் மின்தடை வாங்கிக்கொண்டது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை நான் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள பெரிய மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர் கை வைக்கும் இடமல்ல. புதிது வாங்கி வந்து 24 பின்னையும், பிராசசர் அருகிலுள்ள 4 பின்னையும் மாட்டினேன். இந்த இரண்டாவதை மறந்துவிட்டு, விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

கணினி எழுந்தது. எழுந்தும் நிம்மதி இல்லை. தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டி, அமைப்புகள் அழிந்துவிட்டன, எஃப்1 அழுத்து என்றது. போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருந்தது. 3 வோல்ட் இருக்கவேண்டியதில் 2.2தான் இருந்தது. சுவர் மின்சாரம் வந்துகொண்டிருந்தவரை கடிகாரத்தை அந்த 5 வோல்ட்டே ஓட்டிக்கொண்டிருந்ததால் பேட்டரி செத்த சேதி வெளியே வரவில்லை. புதிய பேட்டரி போட்டுத் தேதியைத் திருத்தினேன். விண்டோஸ் சின்னம் வந்த வேகத்தில் நீலத் திரை, 0x0000007B என்ற பிழை எண்: விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை அணுக முடியவில்லையாம்.

இங்கேதான் பலர் விண்டோஸை மறுபடி நிறுவப் போவார்கள். தேவையில்லை. பேட்டரி செத்ததால், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல் தன் ஆதி அமைப்புக்குத் திரும்பி, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறையை ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் நிறுவப்பட்டிருந்ததோ ஏஹெச்சிஐ என்ற புதிய முறையில். பயாஸில் அந்த ஒரு வரியை மாற்றிச் சேமித்ததும் கணினி பழையபடி திறந்தது. பேஜ்மேக்கரும் திறந்தது, எழுத்துருக்களும் பத்திரமாக இருந்தன. மறுநாள் பெண் வீட்டார் வந்து, தாய்மாமன் பெயரை முன்னால் போடச் சொல்லி முழுப் பக்கத்தையும் மாற்ற வைத்தார்கள்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை எலெக்ட்ரீஷியன் தம்பி திறந்து காட்டினார். விரலின் ஒரு கணு அளவுகூட இல்லாத மின்தேக்கி, 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட். மற்றவற்றின் தலை தட்டையாக இருக்க, அதன் தலை மட்டும் உப்பி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்திருந்தது. "பத்து ரூபாய்ச் சாமான் அக்கா, மாற்றித் தரட்டுமா?" என்றார். மாற்றச் சொன்னேன். ஆனால் அதை இனி என் கணினியில் மாட்டமாட்டேன். அடுத்த முறை யாராவது பார்க்காமலே போர்டு போய்விட்டது என்று சொன்னால், சோதனைக்கு மாட்டிப் பார்க்க ஒன்று கையில் இருக்கட்டும்.