பம்பு உதிரியிலிருந்து பாதுகாப்புத் துறைக்கு: எங்கள் பட்டறையின் அனுபவம்

கோவை கணபதியில் எங்களுடையது சின்னப் பட்டறை. சி.என்.சி லேத், வி.எம்.சி என்று சில மெஷின்கள். பல வருடங்களாகப் பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம், அதாவது ராணுவத் தளவாடத் தொழிலை வளர்ப்பதற்கான அரசுத் திட்டம், தொடங்கியது. சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் அதில் சேர்ந்ததால் ஊரில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. கூட்டங்களில் டீ கிடைத்தது, ஆர்டர் கிடைக்கவில்லை. எங்களுக்கு வழி திறந்தது ஸ்ரீஜன் என்ற அரசு இணையதளத்தில். வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த பாகங்களை இங்கே யாராவது செய்து தர முடியுமா என்று பாதுகாப்புப் பொதுத்துறை நிறுவனங்கள் பட்டியல் போடும் இடம் அது. அதில் எங்களால் முடியும் என்று தோன்றிய ஒரு பாகத்துக்கு விருப்பம் தெரிவித்தோம். என்ன பாகம், யாருக்கு என்பதை எழுதக் கூடாது. டிராயிங் வாங்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

லைசென்ஸ் வேண்டுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எங்களைப் போல உதிரி பாகம் கடைவதற்கு வேண்டாம். துப்பாக்கி, வெடிமருந்து என்று போனால் அது வேறு கதை. உத்யம் என்ற சிறு நிறுவனப் பதிவு, ஐ.எஸ்.ஓ 9001 தரச் சான்று, கணக்கு வழக்கு, மெஷின் பட்டியல், இவற்றோடு வெண்டர் பதிவுக்கு விண்ணப்பித்தோம்.

அப்புறம் அந்த நிறுவனத்திலிருந்து பட்டறையைப் பார்க்க வந்தார்கள். புது வி.எம்.சி-யைத் துடைத்து வைத்திருந்தோம். அதை நின்றுகூடப் பார்க்கவில்லை. மைக்ரோமீட்டர்கள் சரியாக அளக்கின்றன என்பதற்கான காலிபரேஷன் சர்டிபிகேட் எங்கே, தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்தார்கள். மெஷினில் ஓடிக்கொண்டிருந்த ஒரு துண்டைக் காட்டி, இது எந்த ராடிலிருந்து அறுத்தது, அதன் ஹீட் நம்பர், அதாவது மில்லில் எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண், என்ன என்றார்கள். பம்பு வேலையில் யாரும் கேட்காத கேள்வி. அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டிலும் நம்பர் எழுதுகிறோம், ரிஜிஸ்டரும் போடுகிறோம். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் கடைசல் வேலை பாதிதான், மீதி எழுத்து வேலை.

சாம்பிள் ஆர்டர் வந்ததும் மாட்டிக்கொண்டது ஸ்டீலில். எங்களுக்குத் தேவை சில நூறு கிலோ. மில்லில் டன் கணக்கில்தான் தருவார்கள். கடையில் அதே கிரேடு கிடைக்கிறது, ஆனால் அதன் தரத்துக்கு மில் தரும் சர்டிபிகேட் கிடையாது. அது இல்லாமல் இன்ஸ்பெக்‌ஷனில் தொடக்கூட மாட்டார்கள். கடைசியில், அதே கிரேடு தேவைப்பட்ட இன்னொரு பட்டறையோடு சேர்ந்து வாங்கினோம். தனியாக என்றால் அங்கேயே நின்றிருப்போம். வழித்தடத்தில் மானியம் பற்றிப் பேசுகிறவர்கள், சர்டிபிகேட்டோடு சில்லறையாக ஸ்டீல் தரும் ஒரு டிப்போ வைத்தால் புண்ணியமாகப் போகும்.

சிறு நிறுவனங்களுக்குச் சலுகை நிஜமாகவே உண்டு. டெண்டரில் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். மத்திய அரசு நிறுவனங்கள் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். நம் விலை, ஆகக் குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் அதிகமாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்து ஒரு பங்கு ஆர்டரைக் கேட்கலாம். கேட்கலாம், சரி. அந்த விலைக்குக் கட்டுப்படியாகுமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசல் நேரத்தை மட்டும் கணக்கிட்டு, லேப் டெஸ்ட் செலவை விட்டுவிட்டு விலை போடுகிறவர்கள் நிறையப் பேர்.

பணம் வரும் விஷயம்தான் கசப்பு. சட்டப்படி 45 நாளுக்குள் தர வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு ஓடுவது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. எங்கள் பெட்டிகள் இன்ஸ்பெக்‌ஷனுக்காக ஸ்டோரில் கிடந்த காலம், ஸ்டீலுக்கு வாங்கிய ஓவர்டிராஃப்டுக்கு வட்டி கட்டிய காலம். நாம் தாமதித்தால் வாரத்துக்கு இவ்வளவு என்று பில்லில் பிடிப்பார்கள். அவர்கள் தாமதித்தால் வட்டி கேட்டு, சிறு நிறுவனங்களுக்கான அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம், கூட்டு வட்டிகூட உண்டு. ஆனால் அடுத்த ஆர்டரை எதிர்பார்க்கிறவன் எவன் அங்கே போவான்? இப்போது பில்லை வைத்து வங்கிகளிடம் பணம் வாங்க உதவும் டிரெட்ஸ் இணையதளத்தில், கொஞ்சம் கழிவு கொடுத்து முன்கூட்டியே பணம் எடுக்கிறோம். வாங்கும் நிறுவனம் அதில் பில்லை ஏற்க வேண்டும், அதற்கும் ஒரு நினைவூட்டல் போன் தேவைப்படுகிறது.

இரண்டாவது ஆர்டர் முதலாவதைவிடப் பெரியது. ஆனாலும் பம்பு வேலையை விடவில்லை. ஆட்களுக்குச் சம்பளம் போவது இன்றும் அதிலிருந்துதான்.