லிஸ்டில் வந்தவர்கள்

2018 உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த பிறகு, புதிய பெண் உறுப்பினர்களுக்கு வவுனியாவில் நடந்த ஒரு பயிற்சிக்குச் சிங்களம்-தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்தேன். பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டோடு இலங்கையில் நடந்த முதல் தேர்தல் அது. அதற்கு முன் சபைகளில் பெண்கள் சுமார் 2 சதவீதம்தான். பாராளுமன்றத்தில் 2006 முதலே கட்சி பேதமில்லாத பெண் உறுப்பினர்களின் ஒன்றியம் இருந்தது. ஊர்ச் சபைகளில் அப்படிச் சேர்ந்திருக்கப் போதுமான பெண்களே அதுவரை இல்லை.

காலையில் எல்லாரும் கட்சி கட்சியாகத்தான் உட்கார்ந்தார்கள். தேநீரையும் அப்படியே குடித்தார்கள். மத்தியானம் பயிற்றுநர், "சபையில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்டார். ஒரு சிங்கள அம்மா எழுந்து பேசத் தொடங்கினார். அவர் வாயில் "லிஸ்ட்" என்ற சொல் வந்ததுதான் தாமதம், நான் மைக்கை எடுக்குமுன்பே தமிழ்ப் பெண்கள் பக்கம் "ஓம், ஓம், எங்களையும்தான்" என்று குரல் எழுந்தது. மொழிபெயர்க்க எனக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

வட்டாரத்தில் நேரடியாகப் போட்டியிடும் வேட்பாளர்களில் 10 சதவீதம் பெண்கள் இருந்தால் போதும், கட்சி பெற்ற வாக்குகளுக்கேற்ப உறுப்பினர்களை நியமிக்கும் மேலதிகப் பட்டியலில், அதாவது லிஸ்டில், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் பெரும்பாலானவர்கள் பட்டியல் வழியாகத்தான் வந்தார்கள். "லிஸ்டில வந்தனீங்கள், இருங்கோ" என்று அவர்களை அடக்குவது எவ்வளவு அநியாயம்! வெல்லக்கூடிய வட்டாரத்தை அவர்களுக்குக் கொடுக்காததும் அதே கட்சிகள்தானே.

அன்று பின்னேரம், ஒரே பிரதேச சபையில் மூன்று கட்சிகளைச் சேர்ந்த மூன்று பெண்கள் என் மேசைக்கு வந்தார்கள். ரியூசன் விட்டுப் பிள்ளைகள் இருட்டில் வரும் வீதிக்கு விளக்குக் கேட்க வேண்டும். பிரேரணை எழுதித் தர முடியுமா என்றார்கள். மூவரும் ஒன்றாகக் கையெழுத்திடலாமே என்றேன்.

"கட்சிக்காரர் விடமாட்டினம் அக்கா."

சரி, ஒரே வாசகத்தை ஆளுக்கொரு தாளில் எழுதினோம். தையல் வேலை செய்யும் உறுப்பினர் தன் தாளை நான்காக மடித்து, அளவு எழுதும் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் சபையின் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒருவர் வாசித்து முடித்ததும் அடுத்தவர் எழுந்தார். அதே வீதி, அதே வரிகள். மூன்றாவது தாள் விரிந்தபோது தவிசாளர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இருங்கோ" என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.