26 டன், 2 மணி நேரம்: செட்டிநாட்டுத் தெருக்களில் மிக்சர் லாரி

ஒரு வீட்டுக்கு ரெடிமிக்ஸ் வண்டி போக வேண்டுமென்றால், முதல் நாள் சாயங்காலமே அந்தத் தெருவை நடந்து பார்த்துவிடுகிறோம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை எங்கே போனாலும் இதில் மாற்றம் கிடையாது. கணக்கு இதுதான்: கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. 6 கன மீட்டர் ஏற்றினால் 14.4 டன். டிரம்மோடு வெறும் வண்டி 11, 12 டன் இருக்கும். ஆக, பத்து டயரில் கிட்டத்தட்ட 26 டன் அந்தத் தெருவுக்குள் வருகிறது.

செட்டிநாட்டு ஊர்களில் வாசல் தெரு அகலமாகவும் நேராகவும் இருக்கும்; அங்கே சிரமம் இல்லை. வேலை நடப்பது பெரும்பாலும் பின்கட்டுப் பக்கம். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால், பின்தெரு வழியாகத்தான் நுழைய வேண்டும். அங்கே வடிகால் மேல் போட்டிருக்கும் கல் பலகைகள் ஆளும் மாட்டு வண்டியும் போவதற்குப் போட்டவை. பின் ஆக்சில் அதன்மேல் ஏறினால் பிளந்துவிடும், வண்டி ஒரு பக்கமாகச் சாயும். வடிகாலைத் தாண்டாமல் தெருவிலேயே நின்று, சூட்டை (கான்கிரீட் சரிந்து இறங்கும் தகட்டுச் சரிவு) நீட்டியோ பம்பு வைத்தோ கொட்டுவதுதான் எங்கள் முறை. பம்பு வாடகை கூடுதல்தான். சாய்ந்த வண்டியைத் தூக்க வரும் கிரேனுக்கு அதைவிடக் கூடுதல்.

அடுத்தது மண்ணுக்கு அடியில் இருப்பது. தூர்ந்த கிணறு, பழைய செப்டிக் டேங்க், மூடிவிட்ட தண்ணீர்த் தொட்டி எல்லாம் மேலே பார்த்தால் தெரியாது. கடப்பாரையால் தட்டிப் பார்க்கலாம், ஆனால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதுதான் நிச்சயம். “பழைய கிணறு எங்கே இருந்துச்சு ஆச்சி?” என்று கேட்டால் அவர்கள் கை நீட்டிக் காட்டும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவோம். செம்மண் தரை சித்திரையில் பாறை போல இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு மேலே காய்ந்து உள்ளே களியாகக் கிடக்கும். இரட்டை டயர் அச்சு வரை இறங்கிவிடும். அஸ்திவாரக் குழி 1.5 மீட்டர் ஆழம் என்றால், டயர் குழியின் விளிம்பிலிருந்து குறைந்தது அதே 1.5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஈர மண்ணில் அதற்கு இரண்டு மடங்கு.

மின் ஒயரை அளக்கக் கம்பு தூக்கக் கூடாது, காய்ந்த சவுக்காக இருந்தாலும். தள்ளி நின்று கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்வோம். மிக்சர் வண்டியே நாலு மீட்டரை ஒட்டிய உயரம். நீண்ட கை வைத்த பூம் பம்பு வந்தால் அந்தக் கை எட்டும் தூரமெல்லாம் ஆபத்துதான்.

இனி டிரம். உள்ளே சுவரோடு சுருள் சுருளாக இரண்டு பிளேடுகள் பற்றவைத்திருக்கும். டிரம் ஒரு பக்கம் சுற்றினால் இந்தச் சுருள் கான்கிரீட்டை உள்ளே தள்ளும், எதிர்ப்பக்கம் சுற்றினால் வெளியே ஏற்றிக் கொட்டும். சுற்றும் சக்தி ஹைட்ராலிக் பம்பு, மோட்டார், கியர்பாக்ஸ் வழியாக வருகிறது. டிரம்மின் முன்முனை கியர்பாக்ஸில் மாட்டியிருக்கும், பின்பக்கம் இரண்டு ரோலர்மேல் உட்கார்ந்திருக்கும். காலையில் முதல் வேலை இந்த ரோலரையும் அது ஓடும் வளையத்தையும் பார்ப்பது. கிரீஸ் கறுத்துத் திட்டுத் திட்டாக இருந்தால் பரவாயில்லை. வளையத்தில் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால் இரும்பும் இரும்பும் உரசுகிறது என்று அர்த்தம். அந்த வண்டியில் லோடு ஏற்றுவதில்லை.

லோடு ஏற்றும் முன் டிரம்மை எதிர்ப்பக்கம் சுற்றி, முந்தைய நாள் கழுவிய தண்ணீரைச் சொட்டு விடாமல் வெளியேற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். உள்ளே 50 லிட்டர் கிடந்தால் யாரும் ஊற்றாமலே கலவை இளகிப்போகும். கலவை போடும் பிளாண்டின் காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், வலிமையைச் சோதிக்க வார்க்கும் கியூப் மட்டும் தோற்கும். ஏற்றும்போது டிரம் நிமிடத்துக்கு 10 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் டிரம் வாயில் இருக்கும் ஹாப்பர் என்ற புனலில் தேங்கி வழியும். ஏற்றி முடித்ததும் 2, 3 சுற்றுக்குக் குறைத்துவிடுவோம். சுற்றும் திசையை மாற்றும்போது டிரம் முழுசாக நின்ற பிறகுதான் லீவரைத் தள்ள வேண்டும். ஓட்டத்திலேயே திருப்பினால் 14 டன் அடியும் கியர்பாக்ஸ் பல்லில் விழும்.

டெலிவரி சலானில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். சிமெண்டில் தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும் என்று ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 4926 சொல்கிறது. இங்கே பயணத்தில் அந்த நேரம் பெரிதாகப் போவதில்லை. வண்டி வந்து நின்றபிறகு சென்ட்ரிங்கில் ஒரு முட்டுக் கொடுக்கவில்லை, கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்கவில்லை, வைப்ரேட்டருக்கு பெட்ரோல் இல்லை என்று அலைவதில்தான் போகிறது. இதையெல்லாம் முந்தின இரவே முடித்துவிட்டு போன் செய்யுங்கள். அந்த போனுக்குப் பிறகுதான் லோடு ஏற்றச் சொல்வோம். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்குள் முடிகிற மாதிரி திட்டம் போட்டால் எல்லோருக்கும் நல்லது.

ஓட்டுவதில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: இது மணல் லாரி இல்லை. பாரம் உயரத்தில் இருக்கிறது, அதுவும் அசையும் பாரம். டிரம் சுற்றும் பக்கமாகக் கான்கிரீட் கொஞ்சம் ஏறி நிற்பதால் ஒரு பக்கம் எப்போதும் கனம் கூடுதல். கண்மாய்க் கரைச் சாலையின் வளைவுகளில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் பிடித்தால் கான்கிரீட் முன்னோக்கி அலையடித்து வண்டியைத் தள்ளும். எதிரே பஸ் வந்தாலும் கரையின் மண் ஓரத்தில் டயரை இறக்கக் கூடாது. முழு லோடோடு செங்குத்தான மேட்டில் ஏறினால் பின்வாய் வழியாக வழியும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தளத்தில் பின்னால் எடுக்கும்போது கை காட்ட ஒரே ஆள்தான். நாலு பேர் “வா வா” என்றால் டிரைவர் யாரையும் கேட்கக் கூடாது. கை காட்டுகிறவர் கண்ணாடியில் தெரியாமல் போன கணமே வண்டி நிற்க வேண்டும். நின்றதும் ஹேண்ட் பிரேக், டயருக்குக் கட்டை. சூட்டை விரிக்கும் இடம் கையை நசுக்கும் இடம்: மடிப்புக்கு நடுவில் விரல் வைக்காமல் கைப்பிடியை மட்டும் பிடித்து இறக்கி, பூட்டும் பின் (ஊசி) சரியாக உட்கார்ந்ததா என்று இழுத்துப் பார்த்த பிறகுதான் கொட்ட ஆரம்பிக்கிறோம். சூட்டுக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. அடைத்துக்கொண்டிருந்த கட்டி விடுபட்டால் ஆளையே தள்ளிவிடும்.

பக்கத்தில் பழைய ஆத்தங்குடி தரை இருந்தால் தார்ப்பாய் விரித்துவிடுங்கள். அந்தக் கல்லும் சிமெண்டால் ஆனது. தெறித்த சிமெண்ட் பால் காய்ந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும், சுரண்டினால் பூ வேலையும் கூடவே வரும்.

இனி தண்ணீர். எல்லாத் தளத்திலும் இந்தப் பேச்சு வரும். “கொஞ்சம் தண்ணி விட்டா இளகிரும்ல அண்ணே?” என்று மேஸ்திரி கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு, இறுகிய கலவையை இழுப்பது சித்தாள்களின் முதுகுதானே. ஆனால் ஒரு கன மீட்டருக்கு 5 லிட்டர் கூட்டினால் ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்ற அளவு) சுமார் 25 மில்லிமீட்டர் ஏறும், வலிமை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1.5 நியூட்டன் இறங்கும். 6 கன மீட்டர் டிரம்மில் 60 லிட்டர் விட்டால் 3 நியூட்டன் போச்சு. எம்20 என்பதே 28 நாளில் 20 நியூட்டன்தான். கூடுதல் தண்ணீர் ஆவியாகி விட்டுப்போகும் நுண்துளைகள் வழியாகத்தான் பிறகு ஈரம் கம்பி வரை போகிறது. துரு ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரைக்குடியிலேயே இருக்கிறது; அந்த ஊரில் கம்பி துருப்பிடித்துத் தளம் உதிர்வதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

இறுகியிருந்தால் பிளாண்டில் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவு பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) சேர்த்து, கன மீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் டிரம்மை வேகமாகச் சுற்ற வேண்டும். 6 கன மீட்டருக்கு 6 நிமிடம். வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம். வண்டியின் தண்ணீர் டேங்கில் மட்டம் தெரியும் கண்ணாடிக் குழாய் இருக்கும். பிளாண்டை விட்டுக் கிளம்பும்போது மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள், வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். அளவில் சந்தேகம் என்றால் எடை மேடைச் சீட்டு: லோடு எடையிலிருந்து காலி எடையைக் கழித்து 2,400-ஆல் வகுத்தால் கன மீட்டர் வந்துவிடும்.

1,000 சதுர அடி, 5 அங்குலத் தளத்துக்கு 11.8 கன மீட்டர் வரும். பீமோடு சேர்த்து 14, 15 ஆகலாம். இரண்டு முழு வண்டி போன பிறகு மிச்ச இடத்தை அளந்து மூன்றாவதைச் சொல்லுங்கள். இந்த அளவுக்கு, கான்கிரீட் வேலைக்கான தரவிதி ஐ.எஸ். 456 கணக்கில் 2 சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் 150 மில்லிமீட்டர் கியூப் மூன்று. சூட்டில் முதலில் வருவதில் எடுக்காமல் நடுவில் வருவதில் எடுக்க வேண்டும்.

லோடோடு டிரம் நின்றுபோவதுதான் டிரைவருக்குப் பெரிய பயம். ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் இன்னொரு வண்டியின் பம்பிலிருந்து ஹோஸ் இழுத்துச் சுற்றிக் கொட்டலாம். அந்த வண்டி வரத் தாமதமாகும் என்றால் கன மீட்டருக்கு ஒரு கிலோ சீனி கரைத்து உள்ளே விட வேண்டும், டிரம் நிற்கப்போகிறது என்று தெரிந்ததுமே, இன்னும் சுற்றும்போதே. சிமெண்ட் இறுகாமல் நிற்கும். அந்தக் கான்கிரீட் வீட்டுக்கு ஆகாது, வெளியே கொட்டத்தான். டிரைவர் சீட்டுக்கு அடியில் 6 கிலோ சீனி எப்போதும் இருக்கட்டும்.

கொட்டி முடித்ததும் 150, 200 லிட்டர் தண்ணீர் விட்டு வேகமாகச் சுற்றிக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரைத் தெருவில் விடக் கூடாது. நம் ஊர்களில் தெரு வடிகால் ஊரணிக்குப் போகும்படி அமைந்திருக்கிறது. சிமெண்ட் கழுவிய தண்ணீர் கடுமையான காரம், மீன் செத்து மிதக்கும். பிளாண்ட் தொட்டிக்கே திருப்பிக் கொண்டுபோகிறோம். தோலில் பட்டாலும் புண்ணாக்கும். கம்பூட், கையுறை இல்லாமல் கலவையில் இறங்குகிறவர்களுக்குச் சாயங்காலம்தான் எரிய ஆரம்பிக்கும், அதற்குள் தோல் வெந்திருக்கும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

சரியாகக் கழுவாத டிரம்மில் பிளேடுக்கு இடையே கல்லாகப் படியும். மாதம் ஒருமுறை காலி வண்டியை எடை போடுங்கள். 480 கிலோ கூடியிருந்தால் 0.2 கன மீட்டர் உள்ளே ஒட்டிக் கிடக்கிறது. அதை உடைக்க ஆள் உள்ளே இறங்குவதுதான் இந்தத் தொழிலிலேயே ஆபத்தான வேலை. என்ஜின் நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, டிரம் உருளாமல் கட்டை கொடுத்த பிறகே இறங்க வேண்டும். சாவி இறங்குகிறவரின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். தலைக்கு மேலே ஒட்டியிருப்பதை முதலில் உடைக்க வேண்டும், கீழே இருப்பதைப் பிறகு. தூசி நுரையீரலுக்குப் போகாத மாஸ்க், உள்ளே காற்று தள்ள ஃபேன், வாய்ப்பக்கம் ஓர் ஆள் குரல் கொடுத்தபடி நிற்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வராவிட்டால் அவரும் கூடவே குதிக்கக் கூடாது; ஃபேனை நிறுத்தாமல், இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்து வெளியே எடுக்க வேண்டும்.